பாயசத்துக்குப் பரங்கிக்காய் ஆகும், ஓட்ஸுக்கு ஆகாதா?

பால் விட்டு இனிப்பாகக் காய்ச்சும் ஓட்ஸ் கஞ்சியில் ஒரு கைப்பிடி காயையும் துருவிப் போட்டுப் பாருங்கள் என்று முன்பு இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கேள்வி அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

இனிப்பில் போய் யாராவது காயைப் போடுவார்களா என்று என் மாமியார் கேட்கிறார். உண்மையிலேயே நன்றாக இருக்குமா? (கோவை வாசகி)

காசி அல்வா எதில் செய்வார்கள் என்று உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். வெண்பூசணியைத் துருவிப் பிழிந்து செய்வதுதானே அது! கல்யாணப் பந்தியில் அதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோம். பரங்கிக்காயில் வெல்லமும் பாலும் சேர்த்துப் பால் கூட்டு வைக்கிறோம், கேரட்டில் அல்வா கிளறுகிறோம், சர்க்கரைவள்ளியை வேகவைத்து வெல்லத்தோடு தருகிறோம். காயும் இனிப்பும் சேர்வது நம் நாக்குக்குப் புதிது இல்லை. ஓட்ஸ்தான் புதிது.

மற்ற ஊர்களிலும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில் பிரிட்டனில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. கேரட் தாராளமாகக் கிடைத்ததால் கேக்கிலும் புட்டிங்கிலும் அதைத் துருவிப் போட்டு இனிப்புக் குறையை ஈடுகட்டினார்கள். நானும் அதற்காகத்தான் காயைச் சேர்க்கச் சொல்கிறேன். காய் போட்ட பிறகு சர்க்கரையின் அளவு குறைய வேண்டும். அதே இரண்டு கரண்டி வெல்லத்தையும் போட்டு மேலே காயையும் சேர்த்தால் நீங்கள் செய்வது பாயசம்தான். பாயசம் நல்ல பண்டம்தான், ஆனால் தினமும் காலையில் வேண்டாம்.

எந்தக் காய், எவ்வளவு, எப்போது போட வேண்டும்? நான் கேரட்டை அப்படியே போட்டேன், நறநறவென்று இருந்தது. (தாம்பரம்)

முதலில் செய்கிறவர்கள் கேரட்டில் தொடங்குவதே நல்லது. ஓட்ஸ் மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும், கேரட்டுக்கு அது போதாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஓட்ஸ் குழைந்து நிற்கும், கேரட் பச்சையாகவே இருக்கும். அதனால் காயை முன்னால் வேகவிடுங்கள்.

ஒருவருக்கான அளவு இது. ஒரு நடுத்தரக் கேரட்டைத் துருவினால் 50, 60 கிராம் வரும். பெரிய கண் துருவல் வேண்டாம், தேங்காய்ப்பூ அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். அடிகனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டு, துருவலைப் பச்சை வாடை போய் நிறம் மாறும்வரை மிதமான தீயில் வதக்குங்கள். அப்புறம் முக்கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் 40 கிராம் ஓட்ஸும் ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். வெந்து கெட்டியானதும் அரை டம்ளர் காய்ச்சிய பால் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஏலக்காய் தட்டிப் போடுங்கள். இனிப்புக்குச் சிறிய பேரீச்சம்பழம் இரண்டை நறுக்கிப் போட்டால் போதும்.

உப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு சிட்டிகை உப்பு இருந்தால்தான் காயின் இனிப்பு நாக்கில் எடுபடும். நெய்யும் சுவைக்கு மட்டும் இல்லை. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் (உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் நிறமி) கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஏறும். ஒரு தேக்கரண்டியில் இருக்கும் சுமார் 5 கிராம் கொழுப்பு அதற்குப் போதும்.

பரங்கிக்காய் என்றால் (உங்கள் ஊரில் அதை மஞ்சள் பூசணி என்பார்கள், சர்க்கரைப் பூசணி என்றும் சொல்வதுண்டு) துருவ வேண்டாம். தோல் நீக்கி வேகவைத்து மசித்து, 100 கிராம் வரை சேர்க்கலாம். கஞ்சிக்கு அல்வாவின் வழவழப்பு வந்துவிடும். இதற்கு ஏலக்காயைவிடச் சுக்கும் பட்டையும் நன்றாகப் பொருந்தும். என் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் பரங்கிக்காய் ஓட்ஸ்தான்.

இஞ்சி தட்டிப் போட்டேன், பால் திரிந்துவிட்டது. இன்னொரு நாள் வெல்லம் போட்டும் திரிந்தது. (மதுரை)

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. பச்சை இஞ்சியில் பால் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. இஞ்சியைத் தண்ணீரில் காயோடு சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும், அதற்குப் பிறகு பாலை ஊற்றலாம். சுக்குப்பொடி போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வெல்லத்தில் அமிலத்தன்மை இருக்கிறது, கொதிக்கும் பாலில் விழுந்தால் திரிக்கும். பாயசத்துக்குச் செய்வதுபோலவே அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு வெல்லக் கரைசலைச் சேர்த்துக் கலக்குங்கள்.

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய் 15 வருடமாக இருக்கிறது. இனிப்பு ஓட்ஸ் கேட்கிறார். சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்டு, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை சேர்த்துக் கொடுக்கலாமா? (திருச்சி)

அப்பா ஆசைப்பட்டுக் கேட்கும்போது ஒரேயடியாக இல்லை என்று சொல்ல மனம் வராது, எனக்குப் புரிகிறது. கொடுக்கலாம், ஆனால் கணக்கு தெரிந்து கொடுங்கள்.

முதலில் நாட்டுச்சர்க்கரை. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். நிறமும் மணமும் மாறுவதால் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றதாகிவிடாது. ‘இது நல்ல சர்க்கரை’ என்று நம்பிக் கூடுதலாகப் போட்டுவிடுவதை நான் நிறைய வீடுகளில் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது கிழங்கு. 100 கிராம் சர்க்கரைவள்ளியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 30 கிராம் ஓட்ஸில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, வழக்கமான ஓட்ஸின் மேல் கிழங்கையும் மசித்துப் போட்டால் ஒரு வேளையில் இரண்டு வேளைக்கான மாவுச்சத்து போய்விடுகிறது. கிழங்கு வேண்டுமென்றால் ஓட்ஸைப் பாதியாகக் குறையுங்கள். கிழங்கைச் சுட வேண்டாம், வேகவையுங்கள். சுட்ட கிழங்கு நாக்குக்கு அதிகம் இனிக்கும், சர்க்கரையையும் வேகமாக ஏற்றும்.

உங்கள் அப்பாவுக்கு நான் பரிந்துரைப்பது பரங்கிக்காயும் சுரைக்காயும்தான். 100 கிராம் பரங்கிக்காயில் மாவுச்சத்து 6, 7 கிராம்தான் தேறும், சுரைக்காயில் அதில் பாதி. ஓட்ஸ் 30 கிராம், காய் 100 கிராம், நாலைந்து பாதாமோ ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ சேர்த்தால் கிண்ணம் நிறைந்தே தெரியும். பெரியவர்களுக்குத் தட்டு காலியாகத் தெரிந்தால் மனசு வாடிவிடும், அதையும் பார்க்க வேண்டும் இல்லையா?

ஓட்ஸ் வாங்கும்போது தட்டையாக உருட்டிய சாதாரண ஓட்ஸாகப் பாருங்கள். அதன் கிளைசெமிக் குறியீடு (ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் எண்) சுமார் 55. வெந்நீர் ஊற்றினாலே வெந்துவிடும் இன்ஸ்டன்ட் வகைக்கு அது 75-ஐத் தாண்டிவிடுகிறது. முதல் இரண்டு மூன்று நாள், சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வையுங்கள். அவருடைய உடம்பு இதை எப்படி ஏற்கிறது என்பதை அந்த எண்கள் சொல்லும். மாத்திரையோ இன்சுலினோ மாற்ற வேண்டுமா என்பதை அந்தக் குறிப்போடு போய் அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள்.

இங்கே எல்லோரும் ஓட்ஸில் சுக்கினி துருவிப் போடுகிறார்கள். அதற்குச் சுவையே இல்லையே, எதற்குப் போடுகிறார்கள்? (டொராண்டோ)

சுவை இல்லை என்பதற்காகவேதான். சுக்கினி என்பது வெள்ளரிக்காய் போலத் தெரியும் ஒரு பூசணி வகைக் காய், அதில் 95 சதவீதம் தண்ணீர். கஞ்சியில் கரைந்து அளவைக் கூட்டுமே தவிர எந்த ருசியையும் மாற்றாது. கலோரி ஏறாமல் வயிறு நிறைய வேண்டும் என்பவர்களுக்கு ஏற்ற காய். பச்சைத் தோலோடு துருவினால் கஞ்சியில் பாசி மிதப்பது போல இருக்கும், குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். தோலைச் சீவிவிடுங்கள்.

நம் ஊரில் இருப்பவர்கள் சுக்கினியைத் தேடி அலைய வேண்டாம். இளம் சுரைக்காய் அதே வேலையைச் செய்கிறது, விலையும் குறைவு. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். சுரைக்காயோ சுக்கினியோ, நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கி எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டசின் என்னும் நச்சுப்பொருள். வேகவைத்தாலும் அது போகாது. கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய காயை எறிவதா என்று தயங்க வேண்டாம்.

மூன்று வயதுக் குழந்தைக்குக் காய் பிடிக்காது. அரைத்துத் தெரியாமல் கலந்து கொடுக்கலாமா? அப்புறம், தினமும் கேரட் கொடுத்ததில் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது, மஞ்சள் காமாலையோ என்று பயமாக இருக்கிறது. (நாகர்கோவில்)

பயத்தை முதலில் தீர்ப்போம். கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். காமாலையில் அங்கே மஞ்சள் தெரியும், சிறுநீரும் அடர்நிறமாகும். கண் வெள்ளையாக இருந்து உள்ளங்கையும் பாதமும் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் கரோட்டின் சேர்ந்ததால் வந்த நிறம், தீங்கில்லை. கேரட்டையும் பரங்கிக்காயையும் சில வாரம் குறைத்தால் தானே மறையும். சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், மனசு நிம்மதியாகும்.

ஒளித்துக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. மென்மையாக இருந்தால்தான் சாப்பிடுவான் என்றால் அரைத்துக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் ‘இது பரங்கிக்காய்க் கஞ்சி’ என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். துருவும்போது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், ஒரு துண்டைத் தொட்டுப் பார்க்கட்டும். ஒரு காயைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்து, முகர்ந்து, துப்பிய பிறகுதான் பல குழந்தைகள் விழுங்குவார்கள். தெரியாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பழக்கம் தொடங்கவே தொடங்காது.

எட்டு மாதக் குழந்தைக்கு?

கொடுக்கலாம். ஓட்ஸைப் பொடித்து வேகவைத்து, நன்றாக வெந்து மசித்த கேரட்டோ பரங்கிக்காயோ சேருங்கள். சர்க்கரை, வெல்லம், உப்பு எதுவும் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது, அதிலிருந்து பொட்டுலிசம் என்னும் ஆபத்தான நோய் வரலாம். பச்சைக் கேரட் துருவலும் தொண்டையில் சிக்கும், கொடுக்காதீர்கள்.

பீட்ரூட் போட்டால் கஞ்சி அழகாக இருக்கிறது. ஆனால் மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. (யாழ்ப்பாணம்)

அது பீட்ரூட்டின் நிறமிதான். எல்லோருக்கும் வராது, சிலருக்கு மட்டும் அப்படிப் போகும், கெடுதல் இல்லை. பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் சிவப்பாகப் போனால் மருத்துவரைப் பாருங்கள். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட்டைத் தினமும் சேர்க்க வேண்டாம், பசலை வகைக் கீரைகளையும்தான். பீட்ரூட்டுக்கு மண் வாசனை உண்டு, அதற்கு ஆரஞ்சுத் தோல் துருவல் கொஞ்சம் போட்டால் அடங்கும்.

காலிஃபிளவர்? கீரை?

செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன். காலிஃபிளவர் கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் கந்தக வாடை அடிக்கும், ஏலக்காய் அதை மறைக்காது. கீரையைப் பருப்போடு கடைந்து மதியம் சாப்பிடுங்கள், அதற்குரிய இடம் அதுதான்.

காலையில் நேரமே இல்லை. இரவே ஊறவைக்கலாமா? (பெங்களூரு)

தாராளமாக. 1900 வாக்கில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் மருத்துவர் பிர்ச்சர்-பென்னர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த மியூஸ்லியே ஊறிய ஓட்ஸில் ஆப்பிளைத் துருவிப் போட்டதுதான். ஆப்பிளின் இடத்தில் கேரட்டை வையுங்கள். நன்றாகக் கழுவித் தோல் சீவிய இளம் கேரட்டை மெல்லியதாகத் துருவி, ஓட்ஸ், பால் அல்லது தயிர், உலர்திராட்சையோடு கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் காலைக்குள் பதமாகிவிடும். பரங்கிக்காயை வேகவைத்து ஆறவைத்துத்தான் போட வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். சமையல் மேடையில் ஊறவைப்பது நம் வெயிலுக்குச் சரிவராது.

இப்படிச் சாப்பிட்டால் அன்றைய காய்க் கணக்கு முடிந்துவிடுமா? (சென்னை)

முடியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது காயும் பழமுமாக ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம். கிண்ணத்தில் 100 கிராம் பரங்கிக்காய் இருந்தால் கால் பங்கு ஆயிற்று. சர்க்கரைவள்ளியும் உருளையும் மாவுக் கிழங்குகள் என்பதால் அந்த 400-இல் சேராது. இன்னொன்று, நம் சந்தையில் அதிகம் வருவது வெள்ளைச் சதை உள்ள சர்க்கரைவள்ளி. அதில் பீட்டா கரோட்டின் மிகக் குறைவு. ஆரஞ்சுச் சதை உள்ளது கண்ணில் பட்டால் விடாதீர்கள். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் ‘பூ சோனா’ என்று அப்படி ஒரு ரகத்தை வெளியிட்டிருக்கிறது. தோட்டம் வைத்திருப்பவர்கள் அதன் கொடியை விசாரித்துப் பார்க்கலாம்.