காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அடுத்த ஊசி போடலாமா?

கேள்வி: இரண்டாம் மாத ஊசி போட்ட அன்று மகனுக்கு நல்ல காய்ச்சல், இரவு முழுக்கச் சிணுங்கினான். வாற கிழமை நாலாம் மாத ஊசி. இப்போது தடிமனும் இருக்கிறது. மாமி "இனி வேண்டாம்" என்கிறா. என்ன செய்வது? (ஒரு தாய், கோப்பாய்)

பதில்: போடலாம். தடிமனுக்காகத் தள்ளிப்போடத் தேவையில்லை. அன்று காய்ச்சல் அடித்தால் மட்டும் அது அடங்கட்டும்.

இரண்டு, நாலு, ஆறாம் மாதங்களில் போடுவது ஐங்கூட்டுத் தடுப்பூசி. தொண்டைக்கரப்பன், குக்கல் (கக்குவான் இருமல்), ஏற்புவலி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நியூமோனியாவும் தரும் ஹிப் கிருமி எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. காய்ச்சலைக் கிளப்புவது பெரும்பாலும் குக்கல் பகுதிதான். கொல்லப்பட்ட கிருமி அதில் முழுதாக இருப்பதால் உடம்பு கொஞ்சம் கடுமையாகவே எதிர்க்கும். ஓரிரு நாளில் தணிந்துவிடும். குக்கல் உயிருக்கே ஆபத்தாவது கைக்குழந்தைகளுக்குத்தான், அதனால்தான் இவ்வளவு சின்ன வயதிலேயே போடுகிறோம்.

சிணுங்கினான் என்கிறீர்கள். தூக்கி வைத்தால் அடங்கினானா, பால் குடித்தானா? அப்படியென்றால் பயமில்லை. எதற்கும் அடங்காமல் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வீரிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, வெளிறித் துவண்டு போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போன முறை இதில் ஏதாவது நடந்திருந்தால், ஊசிக்கு முன்பே மிட்வைஃபிடமும் கிளினிக் வைத்தியரிடமும் சொல்லுங்கள். என்ன செய்வதென்று அவர்கள் முடிவெடுப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் கிளினிக்குக்கே போகாமல் விடுவதுதான் பிழை.

காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் பாணி. 5 மி.லீ.யில் 120 மி.கி. உள்ள போத்தல் என்றால் 6 கிலோ பிள்ளைக்கு 2.5 மி.லீ., ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. சொட்டு மருந்தின் செறிவு வேறு, லேபிளைப் பாருங்கள். ஊசி போட்ட தொடையைத் தேய்க்க வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். குளிர்ந்த துணி வைத்தால் போதும். அந்த இடத்தில் சின்னக் கட்டி சில கிழமை இருக்கலாம், தானாகக் கரையும்.

மாமியையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். இரவில் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவா அவாதானே, பயம் நியாயமானது. நேரில் கேட்டுத் தெளியட்டும். ஊசியை விட்டால் ஒழிந்த நோயும் திரும்பும் என்பதற்கு, 2019இல் சின்னமுத்து (மீசில்ஸ்) ஒழிந்த நாடென்று அறிவிக்கப்பட்ட இலங்கையில் 2023இல் அது திரும்பத் தலைகாட்டியதையும் சொல்லலாம். அதற்கான ஊசி ஒன்பதாம் மாதம் வருகிறது.

ஒரு ஊசி பிந்திப் போனாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். வளர்ச்சிப் பதிவேட்டைக் கையோடு கொண்டு போங்கள். போன முறை வந்த காய்ச்சலையும் அதில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.