அடி உள்ள சேறு, அடி இல்லாத சேறு: வண்டிக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டயர் பற்றித்தான். குறுவை அறுப்பு நெருங்குகிறது, ஐப்பசி மழையும் பின்னாலேயே வருகிறது என்று காலண்டர் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஐயா, மன்னார்குடிப் பக்கம் கிராமம். பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறேன், பின்சக்கர இழுவை மட்டும். டயரில் 215/75 ஆர் 15 என்று போட்டிருக்கிறது. நான்கு வருடம் ஓடி பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டிகள்) தேய்ந்துவிட்டது. போன ஐப்பசியில் வாய்க்கால் கரையில் இரண்டு தடவை சிக்கி, டிராக்டர் வைத்து இழுத்தோம். ஆல் டெரெய்ன் (தார் ரோடு, மண் பாதை இரண்டுக்குமான டயர்) போட்டால் சிக்கவே சிக்காது, அதுவும் 235/75 போடுங்கள் என்கிறார் டயர் கடைக்காரர். மச்சான் மட் டெரெய்ன்தான் (சேற்றுக்கென்றே செய்த டயர்) சரி என்கிறார். எதைப் போடுவது?

சிக்கவே சிக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நம் ஊர் வயலில் டிராக்டரே கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறது. அவ்வளவு பெரிய டயரால் ஆகாததை உங்கள் 15 அங்குல டயர் செய்துவிடும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

முதலில் நீங்கள் சிக்கிய இடம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். சேற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று அடி உள்ள சேறு: மேலே நாலு விரல்கடை வழவழவென்று இருக்கும், கீழே கரை கெட்டியாக இருக்கும், வருடக்கணக்கில் வண்டி ஓடி இறுகிய பாதை. இன்னொன்று அடியே இல்லாத சேறு: புதிதாக மண் போட்ட கரை, தூர்வாரிய களிமண்ணை வாரிக் கொட்டிய இடம், வயலோரம். முதல் வகையில் ஆல் டெரெய்ன் டயர் நிஜமாகவே உதவும், அதன் பட்டன் விளிம்புகள் வழவழப்பைக் கிழித்துக் கீழே இருக்கும் கெட்டி மண்ணைப் பிடிக்கும். இரண்டாவது வகையில் எந்த டயரும் ஒன்றுதான், எவ்வளவு ஆழமாகக் குழி வெட்டிக்கொண்டு உட்காருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

நானும் ஒரு காலத்தில் மட் டெரெய்ன் போட்டு ஓட்டியவன்தான். திருத்துறைப்பூண்டி தாண்டி ஒரு களத்துமேட்டுக்கு மழை விட்ட மறுநாள் ஜம்பமாக இறக்கினேன், சக்கரம் சுற்றச் சுற்ற மண்ணைப் பின்னால் வாரி வீசிவிட்டு, ஐந்து நிமிடத்தில் ஆக்ஸில் தரையில் உட்கார்ந்துவிட்டது. இழுக்க வந்த டிராக்டர்காரர் டயரைக் காலால் தட்டிப் பார்த்து, "நல்ல டயருங்க" என்றார், 500 ரூபாயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே.

மட் டெரெய்னின் பலமே பட்டன்களுக்கு நடுவில் உள்ள அகலமான இடைவெளிதான், சக்கரம் வேகமாகச் சுற்றினால் ஒட்டிய சேற்றை உதறிவிடும். ஆல் டெரெய்னில் இடைவெளி குறைவு என்பதால் நம் களிமண் அதில் அப்பிக்கொள்ளும், அப்புறம் அது மொட்டை டயர் மாதிரிதான். இதைக் கேட்டால் மச்சான் சொல்வதுதான் சரி என்று தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் வண்டி வாய்க்கால் கரையில் ஓடுவது வருடத்தில் எத்தனை நாள், தார் ரோட்டில் ஓடுவது எத்தனை நாள்? மட் டெரெய்ன் தார் ரோட்டில் சத்தம் போடும், சீக்கிரம் தேயும், எல்லாவற்றையும் விட மழையில் நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் ஐப்பசி மழையில் முன்னால் போகும் பஸ் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் ஓட்டு ஆல் டெரெய்னுக்கு, அதிலும் ரொம்ப முரட்டுப் பட்டன் இல்லாத ரகத்துக்கு.

சரி, இப்போது அளவு. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், அதாவது 161 மி.மீ. ரிம் 15 அங்குலம், 381 மி.மீ. எல்லாம் கூட்டினால் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 235/75 சுமார் 733. முப்பது மில்லிமீட்டர் கூடுகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், வண்டி தூக்குவது அதில் பாதிதான், 15 மி.மீ., ஒரு விரல் தடிமன். பதிலுக்கு என்ன போகிறது என்றால், வேகமானி 60 காட்டும்போது வண்டி நிஜத்தில் 62 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும், பாரத்தோடு முதல் கியரில் இழுக்கும் தெம்பு குறையும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உரசவும் வாய்ப்பு உண்டு. அடி உள்ள சேற்றில் குறுகலான டயர்தான் கீழே வெட்டிப் போய்க் கெட்டியைப் பிடிக்கும், அகலமானது மேலேயே மிதந்து வழுக்கும். மாட்டு வண்டிச் சக்கரம் அகலமாகவா இருந்தது? கம்பெனி கொடுத்த அளவிலேயே இருங்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இல்லாத அளவைப் போட்டுக்கொண்டு எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போனாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, டயர் கடையில் யாரும் வாயைத் திறந்து சொல்லாததும் இதுதான். ஒரே அளவு எழுதிய இரண்டு டயர் ஒரே பாரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், பார எண். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 106 என்றால் 950 கிலோ. கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ சிப்பம் 25 ஏற்றினால் அதுவே ஒரு டன், அதில் பெரும்பங்கு பின் அச்சில்தான் உட்காரும், வண்டியின் சொந்த எடை வேறு இருக்கிறது. பார்க்க முரடாக, வெள்ளை எழுத்தோடு இருக்கும் ஆல் டெரெய்ன் டயர்களில் பல, ஜீப் மாதிரி சொந்த உபயோக வண்டிகளுக்குச் செய்தவை. உங்களுக்கு வேண்டியது எல்.டி. என்று எழுதியிருக்கும் சுமை வண்டி டயர், 6 அல்லது 8 பிளை (டயரின் உறுதியைச் சொல்லும் எண்). இப்போது இருக்கும் டயரின் பார எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், புதியது அதற்கு ஒரு எண்கூடக் குறையக் கூடாது. எந்த கம்பெனி என்பதெல்லாம் அதற்கு அப்புறம் பேசலாம், இந்த எண் ஒத்துவந்தால் நம் ஊர்க் கம்பெனி டயரே போதும்.

கடைசியாக, காசு செலவில்லாத இரண்டு வழி. காலி வண்டியில் பின்பக்கம் எடையே இல்லை, இழுக்கும் சக்கரமும் அங்கேதான் இருக்கிறது, அதனால்தான் ஏற்றப் போகும்போது சிக்கியிருப்பீர்கள், ஏற்றி வரும்போது சிக்கியிருக்க மாட்டீர்கள் (சரியா இல்லையா என்று எழுதுங்கள்). நாலைந்து மணல் மூட்டையைப் பின் அச்சுக்கு நேர் மேலே போட்டுக்கொண்டு போங்கள். இன்னொன்று, கரையில் இறங்கும் முன் காலி வண்டியின் பின் டயரில் காற்றை 20, 22 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள், டயர் மண்ணில் படும் இடம் நீளமாகும். ஆனால் பாரம் ஏற்றும் முன் மறக்காமல் பழையபடி அடைத்துவிட வேண்டும், குறைந்த காற்றில் பாரத்தோடு தார் ரோட்டில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் ஒன்றை வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டருக்கு நாலைந்து முறை கொடுக்கும் காசுதான்.

வேதாரண்யத்திலிருந்து எழுதுகிறேன். உப்பளத்துக்கும் கடற்கரைக்கும் வண்டி போகிறது. கருவேல முள்ளால் வாரம் ஒரு பஞ்சர். ஆல் டெரெய்ன் போட்டால் முள் ஏறாதா?

குறையும், நிற்காது. ஆல் டெரெய்னில் பட்டன் ஆழம் அதிகம், ரப்பர் தடிமன், அதனால் சின்ன முள் பட்டனோடு நின்றுவிடும். பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் குத்தினால் எந்த டயராக இருந்தாலும் ஏறும், சீமைக் கருவேல முள்ளின் நீளம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கச் சுவரில் குத்தினால் ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள், டயரை மாற்றிவிடுங்கள். இன்னும் ட்யூப் போட்ட டயர்தான் ஓடுகிறது என்றால் ட்யூப்லெஸ்ஸுக்கு மாறுவது ஆல் டெரெய்னை விடப் பெரிய நிம்மதி, ஆனால் அதற்கேற்ற ரிம்மும் வேண்டும், முள் குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், ஊர் வந்து சேர்ந்துவிடலாம். அப்புறம் உப்பு. ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பில் துரு ஏறினால் பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும்போதெல்லாம் அந்த விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், உங்கள் பஞ்சர் கணக்கில் சிலது அதுவாகக்கூட இருக்கலாம்.

மணலைப் பொறுத்தவரை சேற்றுக்கு நேர் எதிர். அங்கே தோண்டக் கூடாது, மிதக்க வேண்டும். முரட்டுப் பட்டன் மணலைத் தோண்டத்தான் செய்யும். காற்றைக் குறைத்துக்கொண்டு, நிறுத்தாமல், திடீர் பிரேக் இல்லாமல் போங்கள்.

அண்ணா, கும்பகோணத்தில் வெற்றிலை வியாபாரம். பிக்கப்பில் ஆல் டெரெய்ன் மாட்டி மூன்று மாதம் ஆகிறது, டீசல் அதிகம் குடிக்கிறது, ஓவென்று சத்தம் வேறு. டயர் கோளாறா?

கோளாறு இல்லைம்மா, அதன் குணமே அதுதான். எடை கூடுதல், உருள்வதற்குத் தடை கூடுதல், அதனால் டீசல் கொஞ்சம் அதிகம் குடிக்கும். ஆனால் சத்தம் நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் பட்டன் ஒரு பக்கமாகத் தேய்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், ரம்பம் மாதிரி ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று) பார்க்க வேண்டும். 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றுங்கள். உங்கள் வண்டி கொடிக்காலுக்குள் போகாமல் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும்தான் போகிறது என்றால், மன்னித்துக்கொள்ளுங்கள், இந்த டயர் உங்களுக்கு வேண்டியதே இல்லை. தேயும்வரை ஓட்டிவிட்டு அடுத்த முறை சாதாரண ரோடு டயர் போடுங்கள்.

புது டயர் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா? – நாகப்பட்டினம் வாசகர்

பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரோட்டையே பார்க்காத டயராக இருந்தாலும் ரப்பர் கிடங்கில் சும்மா கிடக்கும்போதே இறுகிக்கொண்டுதான் இருக்கும். இறுகிய ரப்பர் ஈர ரோட்டில் வழுக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் பழசு என்றால் நான் கை வைக்க மாட்டேன், பாதி விலை என்றாலும். சில டயரில் இந்த நான்கு எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், அந்தப் பக்கம் உள்ளே திரும்பியபடி மாட்டிவிட்டால் பார்க்க முடியாது, அதனால் மாட்டும் முன்னாலேயே பாருங்கள்.

இரண்டு டயருக்குத்தான் இப்போது காசு இருக்கிறது. முன்னால் போடுவதா, பின்னாலா? – நீடாமங்கலம் வாசகர்

பின்னால். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பிடி திரும்பக் கிடைக்கும், பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், ஆற்றங்கரை ரோட்டில் சுற்றினால் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். முன்னால் இருப்பது மொட்டை என்றால் மட்டும் பொறுங்கள். பள்ளத்துக்கு நடுவில் சின்ன மேடு ஒன்று இருக்கும், பட்டன் அதன் மட்டத்துக்குத் தேய்ந்தால் மிச்சம் 1.6 மி.மீ.தான். அப்படி இருந்தால் இரண்டு போதாது, கடன் வாங்கியாவது நான்கையும் மாற்றுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டிக்கு இந்தக் கேள்வியே கிடையாது, அதற்கு நான்கும் ஒரே ரகமாக இருக்க வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?