சட்டம் கேளுங்கள்: பிள்ளை யாரிடம்?

கேள்வி: கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். விவாகரத்து கேட்டு மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார். மகனுக்கு 6 வயது முடிந்துவிட்டது. "அஞ்சு வயசு தாண்டிட்டா ஆம்பளப் பிள்ளை அப்பாவுக்குத்தான்" என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள். நான் தையல் கடையில் மாதம் 9,000 ரூபாய் வாங்குகிறேன். பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களா?
– வாசகி, செல்லூர்

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 6-ஆவது பிரிவில், 5 வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. 5 முடிந்ததும் தகப்பனிடம் கொடு என்று அதில் எங்கேயும் இல்லை. ஊர்ப் பேச்சில் பாதிச் சட்டம் மட்டும்தான் ஓடுகிறது. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலன் என்று சொல்லிவிடுகிறது.

வருமானம் குறைவு என்பதற்காக மட்டும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க மாட்டார்கள். அந்தக் குறையை நிரப்பத்தான் ஜீவனாம்சம் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-ஆவது பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-தான்) பிள்ளைக்குத் தனியாகக் கேளுங்கள். 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தையல் வருமானத்தை அதில் மறைக்காதீர்கள். 9,000 ரூபாயை ஒளித்து மாட்டிக்கொண்டால், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் எடுபடாது.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடப்பதால், இந்துத் திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவில் அதே வழக்கிலேயே கஸ்டடிக்கு (பிள்ளையை உங்களிடம் வைத்துக்கொள்ள) இடைக்கால மனு போடலாம். நீதிபதி பார்ப்பது அன்றாடத்தை. பள்ளி விட்டதும் யார் கூட்டி வருகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், நீங்கள் கடையில் இருக்கும்போது வீட்டில் யார் துணை? பிறப்புச் சான்றிதழ், பள்ளியின் படிப்புச் சான்று, ஃபீஸ் ரசீதுகள், தடுப்பூசி அட்டை, உங்கள் கையெழுத்துள்ள ரேங்க் கார்டு ஆகியவற்றை ஒரே ஃபைலில் சேருங்கள். கணவரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஃபைல் அதிகம் பேசும்.

ஆண்டு நடுவில் பள்ளியை மாற்றுவது, பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டில் ஒளித்து வைப்பது இரண்டும் கூடாது. எதிர்த்தரப்பு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், காவல் நிலையத்தில் "அப்பாதானே" என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. குடும்ப நல நீதிமன்றத்தில் அவசர மனு போடுங்கள். பிள்ளையை வைத்திருப்பது சட்டவிரோதம் என்று காட்ட முடிந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவும் (பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு) போடலாம். ஆனால் விரிவான விசாரணை தேவைப்பட்டால் திரும்பக் கீழ் நீதிமன்றத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறோம். 8 வயது மகள் அம்மாவிடம் இருப்பாள். ஒப்பந்தத்தில் "தந்தை குழந்தையை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்; குழந்தைக்கு எதிர்காலத்தில் ஜீவனாம்சம் கோர மாட்டோம்" என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், வில்லாபுரம்

பதில்: இப்படியே போடாதீர்கள்.

இரண்டாவது வரி நிற்காது. ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அதைத் தாய் தகப்பன் கூடி எழுதிக் கொடுத்துவிட முடியாது. நாளைக்கு மகள் பெயரில் மனு வந்தால் இந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், ஆண்டுக்கு எவ்வளவு கூடும், பள்ளிக் கட்டணம் இதில் சேர்த்தியா தனியா என்று எழுதிவிடுங்கள்.

வம்பே முதல் வரியில்தான் இருக்கிறது. "அவ்வப்போது" என்றால் உங்களுக்கு வாராவாரம், அந்த அம்மாவுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி. மீறப்பட்டது என்று நிரூபிக்க முடியாத வரியை நிறைவேற்றச் சொல்லி மனுப் போட்டாலும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தாய், ராஜாஜி பூங்கா வாசலில் குழந்தையை ஒப்படைப்பார், மறுநாள் மாலை 5 மணிக்குத் தந்தை அதே இடத்தில் திருப்பி ஒப்படைப்பார்."

அதோடு முடியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எத்தனை மணிக்குள் தகவல் சொல்ல வேண்டும், தவறிய சனிக்குப் பதில் எந்தச் சனி? தாய் வர முடியாவிட்டால் யார் கொண்டுவருவார்? தாத்தா சரி, பகையில் இருக்கும் தாய்மாமன் வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். மே விடுமுறையில் எந்தப் பாதி யாருக்கு, பொங்கலும் தீபாவளியும் ஒற்றைப்படை ஆண்டில் யாருக்கு, இரட்டைப்படையில் யாருக்கு என்பதும் வேண்டும். மதுரைக்காரர்களுக்குச் சித்திரைத் திருவிழா தனிப் பத்தி: அழகர் ஆற்றில் இறங்கும் நாள் இரு வீட்டுக்கும் வேண்டும், அன்றைக்குத் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. பூங்கா வாசல் அன்று உதவாது. வேறு இடம் குறிப்பிடுங்கள்.

போனும் முக்கியம். நேரில் சந்திப்பது போலவே பிள்ளையோடு பேசும் உரிமையும் முக்கியம், சந்திப்பு விவரங்களை உத்தரவில் தெளிவாக எழுத வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதன், வெள்ளி இரவு 7.30-க்கு வீடியோ கால் என்று நேரம் குறியுங்கள்.

பணத்தையும் சந்திப்பையும் முடிச்சுப் போடாதீர்கள். "பிள்ளையைக் காட்டவில்லை, பணம் கொடுக்கவில்லை" என்பதும், "பணம் வரவில்லை, பிள்ளையைக் காட்டவில்லை" என்பதும் நீதிமன்றத்தில் செல்லாத வாதங்கள்.

சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 6 மாதம் இருக்கிறது. 2017 தீர்ப்புக்குப் பிறகு தகுந்த வழக்குகளில் அதைத் தள்ளுபடி செய்யலாம்தான். பிள்ளை இருந்தால் அவசரப்பட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்த 6 மாதமும் இந்த அட்டவணைப்படி நடந்து பாருங்கள். எந்த வரி இடிக்கிறதோ அதைத் திருத்தி இறுதி உத்தரவில் சேர்க்கலாம். பிறகும் வழி அடைபடாது: பிள்ளையின் தேவை மாறினால் கஸ்டடி உத்தரவையும் மாற்றலாம் என்பது 1973-லிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலை.

கேள்வி: அடுத்த வாய்தாவில் நீதிபதி என் 10 வயது மகளிடம் பேசுவாராம். என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?
– வாசகி, திருநகர்

பதில்: ஒன்றும் வேண்டாம். நீதிபதி தன் அறையில் பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசுவார். பள்ளி, தோழி, சாப்பாடு என்று போகும். பத்து வயதுப் பிள்ளை "அப்பா மன உளைச்சல் தருகிறார்" என்றால் அது யார் வார்த்தை என்று அவருக்குத் தெரிந்துவிடும், அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் 17-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு வயது குறிக்கவில்லை, அந்த விருப்பமே தீர்ப்பும் ஆகிவிடாது. காலையில் வயிறாரச் சாப்பிட வைத்து, "கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லு" என்று அனுப்புங்கள்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. பிள்ளைக்காக எந்தச் சட்டத்தில், எங்கே மனு போடுவது?
– வாசகி, மேலூர்

பதில்: 1890 சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது; பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. (அந்தக் காப்பாளர் சட்டத்தின்படியான) மனு போடலாம். விவாகரத்து வழக்கு நடந்தால் 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்திலும் பிள்ளைக்கான உத்தரவு கேட்க இடமுண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஆதார் நகலோடும், சம்மன் வந்திருந்தால் அதோடும் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சம்மனில் உள்ள வாய்தா தேதிக்கு முன்பே போவது நல்லது. அன்று யாரும் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடும், அதை நீக்கத் தனியாக மனு போட்டு அலைய வேண்டும்.