செல்லப்பிராணியோடு நாடு மாறுவோர் கேட்டவை

டர்பனில் ஒரு கால்நடை மருத்துவமனையில், நாய் பூனைகளை வெளிநாடு அனுப்பும் காகித வேலையைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களும் இங்கே வரப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வேலை உறுதியானதும் விசா, வீடு, பள்ளிக்கூடம் என்று ஓடுகிறோம். நாயின் ஞாபகம் வருவது கடைசி மாதத்தில். நாய்க்குத்தான் அதிக நாள் தேவை. அதனால் முதலில் அதைக் கவனியுங்கள்.

மிட்ரண்டிலிருந்து: அக்கா, கணவருக்கு லண்டனில் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு வாரத்தில் கிளம்பணும். எங்கள் லாப்ரடாருக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு, மைக்ரோசிப் மட்டும் இல்லை. கூடவே கூட்டிப் போகலாமா?

ஆறு வாரத்தில் முடியாதும்மா. தோலுக்கடியில் அடையாள எண்ணுள்ள சிப் வைப்பதற்கு முன்னால் போட்ட ரேபிஸ் (வெறிநாய் நோய்) ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான் என்று காட்ட வேறு வழியில்லை அல்லவா? அதனால் முதலில் 15 இலக்க ஐ.எஸ்.ஓ. சிப், அதன்பின் மறுபடி ரேபிஸ் ஊசி. குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, நோய் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எப்படிக் கூட்டினாலும் நான்கு மாதம் ஆகிவிடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இதே கணக்குதான்.

இந்த மூன்று மாதம் வெறும் சம்பிரதாயம் என்று பலர் கோபப்படுகிறார்கள். நம் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடையே ரேபிஸ் இன்னும் இருக்கிறது. ஊசிக்கு முன்பே கிருமி உடம்பில் புகுந்திருந்தால், அது வெளியே தெரிய இந்த அவகாசம் வேண்டும். ரேபிஸ் இல்லாத தீவு நாடு கவனமாக இருப்பது நியாயம்.

உங்களுக்கு என் யோசனை: கணவர் முன்னால் போகட்டும், நீங்கள் இருந்து நாயோடு கிளம்புங்கள். சொந்தக்காரரின் பயணத்துக்கு ஐந்து நாள் முன்னோ பின்னோ நாய் போய்ச் சேர்ந்தால்தான் அது வீட்டுப் பிராணி. தாண்டினால் வியாபாரச் சரக்குக்கான விதிகள் வந்துவிடும், செலவும் கூடும். இங்கிலாந்தில் இறங்குவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரம் முன்னால் நாடாப்புழு மருந்து கொடுத்து மருத்துவர் பதிவு செய்ய வேண்டும். பூனைக்கு அது தேவையில்லை. விமானத்தில் நாய் சரக்குப் பகுதியில்தான் போகும், உங்கள் காலடியில் அல்ல.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: மகன் மெல்பர்னில் இருக்கிறான், எங்களையும் வரச் சொல்கிறான். எங்கள் ஸ்டாஃபி நாய்க்கு ஒன்பது வயது. விட்டுவிட்டு வர மனசில்லை.

ஐயா, ஆஸ்திரேலியாதான் நான் பார்த்த நாடுகளிலேயே கடுமையானது. ரேபிஸ் இரத்த மாதிரி ஆய்வகம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு. அதற்கு முன்பு ஊசியும் ஒரு மாதமும் இருக்கின்றன, ஆக ஏழு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பலர் தவறவிடும் ஒரு படி உண்டு. இரத்தம் எடுப்பதற்கு முன்பே அரசு கால்நடை மருத்துவர் சிப்பைப் பார்த்து, இதுதான் அந்த நாய் என்று சான்று தர வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து இந்த விதி. சான்று இருந்தால் மெல்பர்ன் பக்கத்து மிக்கிள்ஹாமில் 10 நாள் தனிமைப்படுத்தல், இல்லையென்றால் 30 நாள். அங்கே போய்ப் பார்க்க அனுமதி கிடையாது. ஒன்பது வயது நாய்க்கு 10 நாளும் 30 நாளும் ஒன்றல்ல.

இன்றே உண்ணி மருந்தைத் தொடங்குங்கள். டர்பன் வெயிலிலும் ஈரத்திலும் உண்ணிக்குப் பஞ்சமில்லை, அது பரப்பும் எர்லிக்கியா என்ற நோய்க்கும் ஆஸ்திரேலியா இரத்தச் சோதனை கேட்கிறது. நியூசிலாந்தானால் நாம் பிலியரி என்று சொல்கிறோமே, உண்ணியால் வரும் அந்த பபீசியா நோய்க்கும் சோதனை உண்டு.

பணம் கட்டுவதற்கு முன்னால் இதயம், சிறுநீரகம் இரண்டையும் பரிசோதித்து விடுங்கள். ஆரோக்கியமாக இருந்தால் தைரியமாகக் கூட்டிப் போங்கள். இதயம் பலவீனம் என்றால், அது ஏற்கெனவே பழகிய உறவினர் வீட்டில் விடுவதும் அன்புதான். அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம்.

சென்டூரியனிலிருந்து: பயணத்தில் பயப்படாமல் இருக்க மயக்க மருந்து கொடுக்கலாமா?

கூடாது. இரத்த அழுத்தமும் மூச்சும் குறையும், உயரத்தில் அது ஆபத்து. மயங்கிய பிராணியைப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதே இல்லை. கூண்டை இரண்டு மாதம் முன்பே வாங்கி வரவேற்பறையில் திறந்து வையுங்கள். சோறு அதற்குள், தூக்கம் அதற்குள். நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். உங்கள் பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் உள்ளே விரியுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: பக் நாய்க்கும் இதே விதியா?

காகிதம் அதேதான். ஆனால் சப்பை மூக்குக்காரர்களுக்குச் சூட்டில் மூச்சு திணறும். பல நிறுவனங்கள் மறுக்கின்றன, சில கோடையில் மட்டும் மறுக்கின்றன. குளிர்மாதம் பாருங்கள், இடையில் மாறாத நேர் விமானம் பாருங்கள், நாயின் எடையைக் குறைத்துவிடுங்கள்.

கேப் டவுனிலிருந்து: பதினைந்து வருடமாக வளர்க்கும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோக முடியுமா?

முடியாது, வருத்தத்தோடு சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து வளர்ப்புப் பறவைகளை அந்த நாடு ஏற்பதில்லை. மற்ற நாடுகளுக்கும் சுலபமில்லை. 2016இல் நம் ஜொஹானஸ்பர்க்கில் நடந்த சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) மாநாட்டில்தான் இந்தக் கிளி மிகக் கடுமையான முதல் பட்டியலுக்குப் போனது, 2017 ஜனவரியிலிருந்து அமல். ஏற்றுமதி அனுமதி, இறக்குமதி அனுமதி இரண்டும் கையில் இல்லாமல் விமான நிலையத்துக்குப் போனால் கிளியைப் பறிமுதல் செய்வார்கள். நீண்ட ஆயுள் உள்ள பறவை. பழக்கமான, பொறுமையான ஒரு வளர்ப்பாளரை இப்போதே தேடுங்கள்.

ஃபோர்வேஸிலிருந்து: நாலு வருஷம் இங்கே இருந்துவிட்டு சென்னை திரும்புகிறோம். இரண்டு நாய்கள்.

தம்பி, உங்களுக்கு வழி இருக்கிறது. இரண்டு வருடம் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்து குடிபெயர்பவர் இரண்டு பிராணிகள் வரை கொண்டுவரலாம். மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் துறையிடம் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், சென்னையில் அவர்களுக்கு நிலையம் உண்டு. இங்கிருந்து அரசு கால்நடை மருத்துவரின் சுகாதாரச் சான்று வேண்டும். தனியார் மருத்துவர் கையெழுத்து மட்டும் போதாது.

கோயம்புத்தூரிலிருந்து: ஜொஹானஸ்பர்க் வருகிறோம். ஒரு பூனை, ஒரு நாட்டு நாய்.

ப்ரிட்டோரியாவில் வேளாண் துறையிடம் இறக்குமதி அனுமதி வாங்கிய பிறகுதான் டிக்கெட். பூனைக்கு ரேபிஸ் ஊசியோடு ஏறக்குறைய முடிந்தது. நாய்க்குக் கூடுதலாக ஐந்து நோய்களுக்கு இரத்தச் சோதனைகள்: புருசெல்லா கேனிஸ், டிரிப்பனோசோமா எவன்சி, பபீசியா கிப்சோனி, இதயப்புழு, லீஷ்மேனியா. நாய் தனிமைப்படுத்தலுக்குப் போக நேர்ந்தால் நீங்கள் வரும் ஜொஹானஸ்பர்க் பக்கத்துக் கெம்ப்டன் பார்க்கில் நிலையம் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் எழுதியிருப்பதை வரிக்கு வரி உங்கள் ஊர் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து: பூர்புல் நாயோடு டென்மார்க்?

அங்கே பூர்புல் தடை. வேலைக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் வேறு நாடு பாருங்கள், அல்லது நாய்க்கு இங்கேயே நல்ல வீடு பாருங்கள்.