திருப்பூரில் ஆள் கிடைக்காதது ஏன்? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

பனியன் கம்பெனிகளில் 22 ஆண்டுகள் புரொடக்‌ஷன் பார்த்தவன் நான். ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி நடத்துகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேட்டில் "டைலர் தேவை" போர்டு மாட்டி ஆறு மாதம் ஆகிறது, அண்ணா. நம்ம ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் எங்கே போனார்கள்?

படிக்கப் போனார்கள் தம்பி. 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம். பிறப்பும் குறைந்துவிட்டது: 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இங்கே 1.8 குழந்தை, பீகாரில் 3. தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்த டைலர்கள் ஒன்றரை ஷிப்ட், அதாவது ராத்திரி எட்டரை வரை, ஓட்டியதே பிள்ளைகளைப் படிக்க வைக்கத்தான். அந்தப் பிள்ளைகள் இனி துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு வரமாட்டார்கள், வரவும் வேண்டாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வடமாநிலத்துப் பையன்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்து வைக்கலாமா?

வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்தால் கடன்காரனாக வருவான், அல்லது வரவே மாட்டான். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சத் பூஜை. அதுதான் அவர்களுக்குப் பெரிய பண்டிகை. நான்காம் நாளே போன் போட்டு "எப்ப வர்றே" என்று கேட்காதீர்கள். மூன்று வாரம் லீவு என்று முன்பே சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம், அவர்கள் தங்கும் ரூமை ஒரு தடவை போய்ப் பாருங்கள். நான் ஒரு லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர். பகல் ஷிப்ட் போனவன் பாயில் இரவு ஷிப்ட்காரன் படுத்திருந்தான். பன்னிரண்டு அறைக்கு இரண்டே கக்கூஸ். அங்கே ஒரு ஒடிசா பையன், பெங்களூரில் வேலை செய்யும் தன் நண்பனின் ரூம் போட்டோவை எனக்குக் காட்டினான். கட்டில், உள்ளேயே பாத்ரூம். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். அடுத்த தீபாவளிக்குப் போனவன் வரவில்லை. நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை, அவர்கள் மனுஷராய்த் தங்க இடமில்லை என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான். நான்கு சின்ன யூனிட்டுகள் சேர்ந்தாவது ஒரு நல்ல ஹாஸ்டல் கட்டலாம்.

உள்ளூர்ப் பெண்கள் குழந்தை பிறந்ததும் நின்றுவிடுகிறார்களே, சார்?

கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் 2017 முதல் அது சட்டப்படி கட்டாயம். பல இடங்களில் பார்த்திருக்கிறேன்: பூட்டிய அறை, உள்ளே தூசி படிந்த தொட்டில். எங்கள் செக்கிங் டேபிளில் ஒரு பெண் இருந்தார், தினமும் அங்கன்வாடி மூடுவதற்குள் போய்ச் சேர ஓடுவார். கைத்திறமை அபாரம். காப்பக அறையைத் திறந்து ஒரு ஆயாவைப் போட்டிருந்தால் அவர் வேலையை விட்டிருக்க மாட்டார் என்று இன்றும் வருத்தப்படுகிறேன். ஒரு ஷிப்ட் போதும் என்பவர்களை 5:30-க்கு அனுப்புங்கள். மகளிருக்கு டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் ராத்திரி எட்டரைக்கு மேல் கிராமத்துக்கு பஸ் ஏது?

மெஷின் போட்டால் ஆள் குறையுமா?

கட்டிங்கில் குறையும். தையலில் அவ்வளவாகக் குறையாது. பனியன் துணி இழுபடும், ஓரம் சுருளும். கைதான் பதம் பார்த்துத் தள்ள வேண்டும்.

அமெரிக்க வரியால் ஆர்டர் குறைந்தபோது ஆட்களை அனுப்பிவிட்டோம். இப்போது கூப்பிட்டால் வருவதில்லை.

2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி 50 சதவீதமானபோது பலரும் இதைத்தான் செய்தார்கள். ஒரு வாரச் சம்பளத்தோடு ரயில் ஏறியவன் சூரத்திலோ லூதியானாவிலோ வேலை தேடிக்கொள்வான். பாதிப் பேரை அனுப்புவதைவிட, எல்லோருக்கும் வாரம் நான்கு நாள் வேலை கொடுத்திருக்கலாம். அடுத்த முறை அப்படிச் செய்யுங்கள்.

குடும்பத்தோடு வந்தவர்களுக்கு இங்கே ரேஷன் கிடைக்குமா?

கிடைக்கும். ஒரே நாடு ஒரே ரேஷன் 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டிலும் உண்டு. ஊர் ரேஷன் கார்டில் ஆதார் இணைத்திருந்தால் போதும், இங்குள்ள ரேஷன் கடையில் கைரேகை வைத்துத் தங்கள் பங்கை வாங்கலாம். உங்கள் சூப்பர்வைசரை முதல் தடவை கூடவே அனுப்பி வையுங்கள். மொழி தெரியாமல் கடை வாசலோடு திரும்பி வந்தவர்கள் நிறைய.