வாசகர் கேள்வி பதில்: மலைக் குளிரில் மோட்டார், விறைக்கும் கால்

மலேசியாவின் கேமரன் மலைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் நாலுமே காலைப் பற்றியவைதான், அதனால் இந்த முறை எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ரிங்லெட்டில் தோட்டத்து லயத்தில் இருக்கிறேன். விடிகாலை ஐந்தரைக்கு கப்சாயில் (கியர் வைத்த சின்ன மோட்டாரில்) பிரிஞ்சாங் வரை வேலைக்குப் போக வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜீன்ஸ் போட்டும் முட்டி விறைத்துவிடுகிறது. மூன்றாவதும் போடலாமா அண்ணே?

பதில்: வேண்டாம் தங்கச்சி, மூன்று போட்டாலும் இதே கதைதான். நம்மைச் சூடாக வைப்பது துணி மட்டும் கிடையாது, தோலுக்கும் துணிக்கும் இடையில் நிற்கும் கொஞ்சம் காற்றுதான். ஜீன்ஸ் பருத்தி நெசவு, வேகமாகப் போனால் எதிர்க்காற்று அதற்குள் புகுந்து அந்தச் சூட்டைத் துடைத்துக்கொண்டு போய்விடும். 10 டிகிரி குளிரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது 5 டிகிரி மாதிரி இருக்கும். அதோடு முட்டியை மடக்கி உட்காரும்போது இரண்டு ஜீன்ஸும் அங்கேதான் இழுத்துப் பிடிக்கும். முட்டியில் சதை கிடையாது, எலும்பும் தோலும்தான், காற்றுக்கு நேர் எதிரே நிற்பதும் அதுதான்.

நம் ஊரில் ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டு ஓட்டுகிறோமே, எதற்கு? ஜிப் வழியாக நெஞ்சுக்குள் காற்று புகக்கூடாது என்றுதானே. காலுக்கும் அதே வித்தைதான் வேண்டும். மழை இல்லாத நாளிலும் மழைக் கோட்டின் கால்சட்டையை எல்லாவற்றுக்கும் மேலே போடுங்கள். உள்ளே ஒரு டைட்ஸ், அதன் மேல் கொஞ்சம் தொளதொளப்பான டிராக் பேண்ட், போதும். முட்டிக்குத் தனியாக ஏதாவது வேண்டுமென்றால் பழைய கால்பந்துக் காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டு முட்டி வரை ஏற்றிவிடுங்கள், ஆனால் இறுகக் கூடாது, இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் குளிரும். பண்டல் கடையில் (பழைய துணி விற்கும் கடையில்) காற்றுப் புகாத கால்சட்டை கிடைத்தால் இரண்டு சுற்று பெரிய அளவாகப் பார்த்து எடுங்கள். அவசரத்துக்குப் பழைய நாளிதழை மடித்துத் தொடைக்கும் முட்டிக்கும் மேல் செருகிக்கொள்ளலாம். பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மலை இறங்கும் வீரர்கள் காலங்காலமாக நெஞ்சுக்குள் நாளிதழ் செருகித்தான் இறங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் கணுக்கால். கால்சட்டை விளிம்புக்கும் காலணிக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் காற்று புகுந்து தொடை வரை ஏறுகிறது. அந்த இடத்தை ஒரு ரப்பர் பட்டையால் லேசாகக் கட்டிவிடுங்கள். வலது பக்கம் கட்டாயம் கட்ட வேண்டும், தொங்கும் மழைக் கால்சட்டை எக்சோஸில் (புகைக்குழாயில்) பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். காலணிக்கு நம் அடிடாஸ் கம்போங் என்கிற ரப்பர் காலணி நல்லதுதான், காற்றும் தண்ணீரும் உள்ளே போகாது, ஆனால் வெறும் ரப்பருக்குச் சூடு கிடையாது. ஒரு அளவு பெரிதாக வாங்கித் தடித்த காலுறையோடு போட்டால்தான் பலன். நெஞ்சையும் மூடுங்கள், உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் கைகாலுக்குப் போகும் ரத்தத்தை உடம்பே குறைத்துவிடும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு விடிகாலை, தானா ராத்தாவுக்குக் கீழே ஒரு வளைவில், காய்கறி லாரி சிந்திவிட்டுப் போன சேறு. வலது காலால் பிரேக்கை மிதித்தேன், எவ்வளவு மிதித்தேன் என்று காலுக்குத் தெரியவில்லை, மரக்கட்டை மாதிரி இருந்தது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி ஓரமாக இழுத்துப் போய் வடிகாலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கப்சாயில் கியரும் பின் பிரேக்கும் காலில்தான் இருக்கின்றன. கால் விறைத்தால் பாதி வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. விரல் மரத்துப்போவது தெரிந்த உடனே ஓரமாக நிறுத்தி, இறங்கி, இரண்டு நிமிடம் நடங்கள். வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை. சூடான எஞ்சின் மேல் காலை வைத்துக் காயவைக்காதீர்கள், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: சனிக்கிழமைதோறும் தாப்பாவிலிருந்து மேலே ஏறுகிறேன். கீழே வியர்க்கிறது, பாதி வழியில் மழை, மேலே போவதற்குள் நடுக்கம். என்ன செய்வது?

பதில்: 100 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே, அதனால் தாப்பாவைவிட எட்டு ஒன்பது டிகிரி குறைவு, அதுவும் காய்ந்த உடம்புக்கு. நனைந்த ஜீன்ஸோடு போனால் கணக்கே வேறு, அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆகவே மழை பெய்த பிறகு கோட்டைத் தேடாதீர்கள். லாத்தா இஸ்கண்டார் அருவிக் கடைகளில் நிறுத்தி, வியர்வையைத் துடைத்து, மழைச் சட்டையும் கால்சட்டையும் அங்கேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள். மழையில் கால்சட்டை விளிம்பு காலணிக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகினால் தண்ணீர் நேராகக் காலணிக்குள் இறங்கும். மெல்லிய காலுறை, அதன் மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை, அதன் மேல் தடித்த காலுறை, பிறகு காலணி. பாதம் கொஞ்சம் வியர்க்கும், தாங்கிக்கொள்ளலாம். மாற்றுக் காலுறை ஒரு ஜோடியை இருக்கைக்கு அடியில் பையில் கட்டி வையுங்கள்.

கேள்வி: சீனாவில் உணவு கொண்டுபோகிறவர்கள் வண்டிக்கு முன்னால் மெத்தை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்களே, அது நமக்கு உதவுமா? அப்பா கைலியைக் காலில் சுற்றிக்கொண்டு ஓட்டுகிறார், அதுவும் சரியா?

பதில்: அந்த மெத்தை, காலைத் தட்டையாக வைத்துக்கொண்டு இரண்டு பிரேக்கையும் கையால் பிடிக்கிற ஸ்கூட்டருக்குச் சரி. இத்தாலியிலும் ஸ்கூட்டருக்கு முன்னால் காலை மறைக்கும் போர்வை கட்டுகிறார்கள். கப்சாயில் கியர், பிரேக் எல்லாம் அதன் அடியில் மறைந்துவிடும், வளைவில் பக்கக் காற்று வேறு அதைப் பிடித்து இழுக்கும், வேண்டாம். உங்கள் வண்டியிலேயே முன்னால் காலை மறைக்கும் பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. அழகுக்காக அதைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுங்கள், கணைக்காலுக்கும் பாதத்துக்கும் அது தடுக்கிற காற்று கொஞ்சநஞ்சமில்லை. அப்பாவின் கைலியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு முனை சங்கிலியிலோ சக்கரக் கம்பியிலோ சிக்கினால் போதும், வண்டியோடு ஆளையும் சாய்த்துவிடும். சேலை, துப்பட்டாவும் அப்படித்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கிளம்பும் முன் காலில் தைலம் தேய்த்துக்கொள்கிறார். அப்படியும் பாதம் மரத்திருக்கிறது என்கிறார். இப்போது பகலில் வீட்டில் இருக்கும்போதும் அப்படியே இருக்கிறதாம். இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கிறது.

பதில்: அம்மா, தைலம் சூடு தருவதில்லை, சூடு மாதிரி ஒரு உணர்வைத்தான் தருகிறது. அதை விடுங்கள். காற்றில் ஓட்டும்போது மட்டும் மரத்து, நின்றதும் சரியாகிவிட்டால் அது குளிர். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் மரத்திருந்தால், அதுவும் இனிப்பு நீர் உள்ளவருக்கு, அது நரம்பு பாதிப்பாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப்போய்ப் பாதத்தைக் காட்டுங்கள். அதுவரை வெந்நீரில் காலை வைக்க விடாதீர்கள், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். ஓட்டிவிட்டு வந்ததும் காலணியையும் காலுறையையும் கழற்றி விரலிடுக்கு வரை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள், புண், கொப்புளம், நிறம் மாறிய இடம் எதுவாக இருந்தாலும். அவரால் குனிய முடியவில்லை என்றால் நீங்களே பாருங்கள்.