படலையைப் பார்த்தபடி இருக்க வேண்டாம்: மூத்தோர் கேள்வி பதில்

நான் 34 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை செய்தவள். கடைசிப் பத்து வருடமும் கிளினிக்கில்தான். இப்போது எனக்கு 69 வயது. எங்கள் ஊர் முதியோர் சங்கத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடிக் கதைப்போம். வயதுபோன காலத்தை எப்படிச் சந்தோஷமாக வாழ்வது என்று யாழ்ப்பாணத்தின் பல பக்கங்களில் இருந்தும் கேட்டிருந்தீர்கள். மருந்தைக் கூட்டுவது, குறைப்பதெல்லாம் உங்கள் டொக்டரின் வேலை. மிச்சத்துக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோண்டாவில், ஓய்வுபெற்ற ஆசிரியர், 63 வயது: பென்சன் எடுத்து இரண்டு வருடமாகிறது. விடிந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. விறாந்தையில் பேப்பரோடு இருந்தால், "கூட்டவேணும், எழும்புங்கோ" என்கிறார் மனைவி. குசினிக்குப் போனால் அங்கேயும் இடைஞ்சல். என் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருக்கிறேன், மிஸி.

ஐயா, ஒருக்கால் அவருடைய பக்கத்தில் நின்று பாருங்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போன அத்தனை வருடமும் காலையில் இருந்து மத்தியானம் வரை அந்த வீடு அவர் கையில் இருந்தது. எப்போது கூட்டுவது, எப்போது அடுப்பை மூட்டுவது, எப்போது கொஞ்சம் சரிந்து படுப்பது என்று அவருக்கொரு ஒழுங்கு இருந்தது. இப்போது அதன் நடுவில் கதிரையைப் போட்டு இருக்கிறீர்கள். உங்களில் அவருக்கு வெறுப்பில்லை, அவருடைய நேரம்தான் குழம்பிப்போயிற்று.

"உதவி செய்யட்டோ?" என்று கேட்டு நிற்காதீர்கள். ஒரு வேலையை முழுதாகப் பொறுப்பெடுங்கள். எங்கள் சங்கத்தில் ஓர் அண்ணை காலைச் சம்பலைத் தன் வேலையாக்கிக்கொண்டார். தேங்காய் உடைப்பார், துருவுவார், செத்தல் மிளகாயை எண்ணெய் விடாமல் வறுத்து உப்போடு உரலில் இடிப்பார். வெங்காயத்தைக் கடைசியில்தான் போட்டுத் தட்டுவார், முதலிலேயே போட்டால் தண்ணி விட்டுவிடுமாம். பிறகு உரலையும் துருவலையையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். அந்தக் கழுவிக் கவிழ்ப்பது முக்கியம், பாதியில் விட்ட வேலை வீட்டுக்காரிக்கு இரண்டு வேலை. ஆறு மாதத்தில் அவர் வீட்டில் சம்பல் அவருடையது என்றாகிவிட்டது. அவருக்குச் சுகமில்லாத அன்றைக்குச் சம்பலே இல்லை.

அப்புறம் வீட்டுக்கு வெளியே ஒன்று வேண்டும். உங்கள் ஒழுங்கையில் கணக்கில் பின்தங்கிய இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, கிழமைக்கு மூன்று நாள் நாலு மணிக்குச் சும்மா படிப்பியுங்கள். காசு வாங்க வேண்டாம், வாங்கினால் டியூசன் ஆகிவிடும். கிளினிக் நம்பர், பிள்ளைகளின் கோல், பென்சன் நாள் என்று இந்த வயதில் நாங்கள்தான் எல்லாவற்றுக்கும் காத்திருக்கிறோம். ஒரு நாளில் ஒருமுறையாவது எங்களுக்காக யாரோ, ஏதோ காத்திருக்க வேண்டும். நாலு மணிக்குக் கொப்பியோடு படலையில் நிற்கிற பிள்ளை உங்களை எழுப்பிவிடும்.

சண்டிலிப்பாய், 70 வயது அம்மா: அவர் போய் மூன்று வருடம். மகள் ரொறொன்ரோவில், மகன் லண்டனில். போனைக் கையில் வைத்தபடியே நாள் போகிறது. கோயிலில் நின்றாலும் கோல் வந்துவிடுமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். வராத நாளில் சாப்பாடு இறங்காது.

அக்கா, முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம், பாதி வருத்தம் அதில்தான் இருக்கிறது. கோடையில் ரொறொன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், லண்டன் நாலரை மணித்தியாலம் பின்னால். குளிர்காலத்தில் அங்கே மணியை மாற்றுவதால் இன்னும் ஒரு மணித்தியாலம் கூடும். நீங்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மகள் நல்ல நித்திரை. பிள்ளை மறக்கவில்லை.

அதனால் நாளைக் குறியுங்கள். மகளுக்குச் சனிக்கிழமை காலை ஏழு மணி. அங்கே வெள்ளி இரவு, வேலை முடிந்து ஆறுதலாக இருப்பார். மகனுக்கு ஞாயிறு பின்னேரம் நாலு மணி. அங்கே காலைச் சாப்பாடு முடிந்திருக்கும். "இந்த நேரம் நான் இருப்பன், மற்ற நேரம் அவசரமெண்டால் எடு" என்று நீங்களே சொல்லுங்கள். மற்ற நாளில் போன் மேசையில் இருக்கட்டும், சத்தத்தைக் கூட்டி வையுங்கள், போதும்.

கதைக்க என்ன இருக்கிறது என்பதும் ஒரு சிக்கல். "சாப்பிட்டியோ?" "ஓம்." "மருந்து எடுத்தியளோ?" "ஓம்." அதோடு முடிகிறது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மம்மா, பேத்திக்கு வீடியோவில் வாழைப்பொத்தி உரித்துக் காட்டினார். மடலை நீக்கி, ஒவ்வொரு பூவாக எடுத்து, நடுவில் உள்ள தண்டையும் அடியில் உள்ள சின்னச் செதிளையும் கிள்ளி எறிந்து, உப்புத் தண்ணியில் போடும் வரை அந்தப் பிள்ளை கண் இமைக்காமல் பார்த்ததாம். அடுத்த கிழமை, "அம்மம்மா, இண்டைக்கு என்ன?" என்று அதுவாகவே எடுத்தது. தமிழ் தடக்கும் பிள்ளைகளுக்குக் கைவேலை நல்ல பாலம்.

பருத்தித்துறை, 72 வயது: போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழப் பார்த்தேன். அதற்குப் பிறகு நடக்கவே பயம். மகன் சைக்கிளையும் பூட்டி வைத்துவிட்டான்.

பயத்தில் நடக்காமல் இருந்தால் கால் தசை இன்னும் குறையும், குறையக் குறைய விழுவது கூடும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கிழமைக்கு மூன்று நாளாவது சமநிலைக்கும் தசைப் பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கிழமைக்கு 150 நிமிட நடை அதைவிட வேறாக. நடை மட்டும் போதும் என்று கனபேர் நினைக்கிறார்கள், போதாது.

செய்வது சுலபம். கதிரையைச் சுவரோடு முட்ட வையுங்கள். சாய்மனைக் கதிரை வேண்டாம், சாப்பாட்டு மேசைக் கதிரை. இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்து, கையை ஊன்றாமல் எழும்புங்கள், மெதுவாக இருங்கள். முதல் கிழமை ஐந்து தரம், பிறகு பத்து. கையை ஊன்றாமல் எழும்ப முடியாவிட்டால் ஊன்றியே தொடங்குங்கள், வெட்கமில்லை. பிறகு சுவரோரம் நின்று ஒரு காலின் விரலுக்கு முன்னால் மற்றக் காலின் குதி முட்ட வைத்து, பத்து எண்ணும் வரை நில்லுங்கள். தேவைப்பட்டால் சுவரைப் பிடிக்கலாம்.

கிணற்றடிப் பாசியை மகனைக் கொண்டு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தும்புக் கட்டையால் தேய்த்துக் கழுவுவியுங்கள். கக்கூசு வெளியே இருந்தால் இரவில் டோர்ச் தலைமாட்டில் இருக்கட்டும். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் படுக்கையில் இருந்து சட்டென்று எழும்பக் கூடாது, இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் இருந்து, பிறகு எழும்புங்கள்.

சைக்கிள்? ஏற்ற இறக்கமில்லாத ஊர் எங்களுடையது, சைக்கிளுக்கென்றே போட்ட நிலம். நான் கண்டவரையில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள் ஒன்றை எடுத்து, இரண்டு காலும் நிலத்தில் முட்டுகிற மாதிரிச் சீற்றைப் பதித்துவிடுங்கள். ஒரு மாதம் கதிரைப் பயிற்சி செய்து காட்டிவிட்டு மகனிடம் திறப்பைக் கேளுங்கள். பெரிய றோட்டை விட்டு ஒழுங்கைகளில் ஓடுங்கள்.

சாவகச்சேரி, 66 வயது அம்மா: எனக்குச் சலரோகம், ஊசி போடுகிறேன். கந்தசஷ்டி பிடிக்க வேண்டாம் என்கிறார்கள். ஒடியல் கூழும் குடிக்கக் கூடாது என்கிறார்கள். பிறகென்ன வாழ்க்கை?

கூழைப் பற்றி முதலில் சொல்கிறேன், எனக்கும் அது உயிர். மீன், இறால், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை எல்லாம் போட்ட கூழ் நல்ல சாப்பாடுதான். மா, அரிசி, மரவள்ளியைக் குறைத்து, மீனையும் கீரையையும் கூட்டிப் போடுங்கள். ஒரு கோப்பை குடித்தால் அதுவே அன்றைய இராச்சாப்பாடு. கூழும் குடித்து, பிறகு புட்டும் சாப்பிட்டால் சீனி இன்னும் ஏறும். பிரஷர் உள்ளவர் உப்பில் கவனம். கூட்டமாக இருந்து பனையோலைப் பிளாவில் குடியுங்கள், ஆறுதலாகத்தான் இறங்கும்.

விரதத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊசி போடுபவர், சில வகைச் சீனிக் குளிசை எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், கதை குழறும், மயக்கமும் வரலாம். கிளினிக்கில் வேலை செய்த காலத்தில் சஷ்டி நாட்களில் அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால், நினைவு இருக்கும்போதே மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. மச்சம் தவிர்த்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, ஆறு நாளும் கோயிலுக்குப் போய், சூரன்போரைக் கண்ணாரப் பாருங்கள். முருகன் உங்கள் உடம்பைக் கேட்கவில்லை, அம்மா.

மானிப்பாய், 61 வயது: அம்மாவுக்கு 88, மறதி. கேட்டதையே கேட்பார். பேரனுக்கு நாலு வயது, மகள் வேலைக்குப் போகிறாள். இரண்டு பேரையும் நான்தான் பார்க்கிறேன். நேற்று அம்மாவைப் பேசிவிட்டேன். இரவு முழுக்க அழுதேன்.

தங்கச்சி, அது கோபமில்லை, களைப்பு. நித்திரையில்லாத ஆளிடம் எந்தப் பொறுமையும் மிஞ்சாது. எங்கள் வார்ட்டில் நேரத்துக்கு ஆள் மாறுவோம். உங்களுக்கு ஆள் மாற யார்?

எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வருபவர்களுக்குக் குறைவில்லை. தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு வந்து, அரை மணி இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். அந்தத் தேத்தண்ணியையும் நீங்கள்தான் போட வேண்டும். இனி வருபவரிடம், "புதன்கிழமை மூன்று மணியில் இருந்து ஐந்து மணி வரை அம்மாவோடு இருப்பியளோ?" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். "ஏதும் உதவியெண்டால் சொல்லுங்கோ" என்றவர்கள் எல்லோரும் அப்படிக் கேட்கத்தான் காத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற சகோதரங்கள் காசு அனுப்பினால், அதில் கிழமைக்கு இரண்டு நாள் ஓர் ஆளை வையுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. இந்த நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைச் சட்டம் பெற்றோரைப் பார்க்கும் கடமையைப் பிள்ளைகள் மேல்தான் வைத்திருக்கிறது. பக்கத்தில் இருக்கிற பிள்ளை என்று அது பிரித்துச் சொல்லவில்லை.

அந்த இரண்டு மணித்தியாலத்தில் வீட்டு வேலை செய்யாதீர்கள். வெளியே போங்கள்.

சுன்னாகம், 70 வயது: காது மந்தம். கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பியுங்கள், சில பேருக்கு அதோடேயே சரிவரும். இல்லாவிட்டால் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போய்க் கருவி கேளுங்கள். தள்ளிப்போட வேண்டாம். மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் நாங்கள் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் சொன்னது. கேட்கும் குறைவும் தனித்துப்போவதும் இரண்டும் அதில் உண்டு. உங்களிடம் ஒன்று மற்றதைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

நெல்லியடியில் இருந்து ஒருவர்: முதியோர் அடையாள அட்டை எங்கே எடுப்பது?

60 வயது முடிந்தவர்கள் எடுக்கலாம். கிராம அலுவலரிடம் கேட்டு, உங்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

அளவெட்டி, 67 வயது: ஜேர்மனியில் 28 வருடம் இருந்துவிட்டு மனைவியோடு ஊருக்கு வந்துவிட்டோம். வீடு பெரிது. ஆனால் என் வயதுக்காரர் பாதிப்பேர் இல்லை. இங்கேயும் ஒட்டவில்லை, அங்கேயும் இல்லை.

நீங்கள் நினைத்து நினைத்து வந்த ஊர் இப்போது இல்லை, அண்ணை. அதற்காகக் கொஞ்ச நாள் துக்கப்படுவது நியாயம்தான். பிறகு இப்போது இருக்கிற ஊரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். உங்கள் பக்கத்துச் சனசமூக நிலையத்துக்குத் தினமும் ஒரே நேரத்தில் பேப்பர் பார்க்கப் போங்கள். ஒரே நேரம் என்பதைக் கவனியுங்கள். ஒரு மாதத்தில் முகம் பழகும், இரண்டாம் மாதத்தில் கதை வரும்.

உங்களிடம் இன்னொரு செல்வம் இருக்கிறது. கலியாணம் முடித்து ஜேர்மனிக்குப் போகவிருக்கும் பிள்ளைகள் விசாவுக்கு அடிப்படை ஜேர்மன் மொழிச் சோதனை சித்தியடைய வேண்டும். புத்தகத்தில் படிப்பார்கள், வாயால் பேசிப் பழக ஆளில்லை. நீங்கள் விறாந்தையில் இருந்து அவர்களோடு ஜேர்மனில் கதைத்தால் போதும். மனைவியும் கதைக்கட்டும், கடையில் பாண் வாங்கும் கதை அவருக்குத்தான் நன்றாக வரும்.

உரும்பிராய், 74 வயது: ஒவ்வொரு கிழமையும் செத்தவீடு. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். மதிலில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தால் பார்க்கவே மனமில்லை. இதற்குள் எப்படிச் சந்தோஷமாக இருப்பது?

செத்தவீட்டுக்குப் போவதை நிறுத்த வேண்டாம், ஐயா. அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். எட்டுச் செலவு வரைக்கும் வீடு நிறைந்த சனம் இருக்கும். 31இல் அந்தியேட்டி முடியும். பந்தல் கழற்றி, வாடகைக் கதிரைகள் போய்விடும், வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளைகளும் போய்விடுவார்கள். 32ஆம் நாள் அந்த வீட்டில் ஒருவர் தனியே இருப்பார். அன்றைக்குப் போங்கள். ஆறுதல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. உங்கள் கூட்டாளி பள்ளிக்கூடத்தில் செய்த குழப்படிகளைச் சொல்லுங்கள், அந்த மனுசிக்குத் தெரியாத கதைகள் உங்களிடம்தானே இருக்கின்றன.

என் கணவர் போய் ஆறு வருடம். எல்லோரும் போன பிறகு, என்னோடு வேலை செய்த ஒருத்தி ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒரு கட்டு முருங்கையிலையோடு வந்தாள். "உருவுவம் வா" என்று விறாந்தையில் இருந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் ஒரு சுளகு நிறைய உருவினோம். அடுத்த வியாழனும் வந்தாள். இப்போதும் வருகிறாள். மூன்றே முக்காலுக்கே நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துவிடுவேன்.